முதலிலிருந்து ஓடிய கோடு

பத்து நிமிஷம் என்று சொன்னதுதான் தப்பு. அரை மணி என்று சொல்லியிருந்தால் கீழே போய் டீ குடித்திருப்பான். தெரிந்தவன் எவனாவது கிடைத்திருப்பான், பேசிக்கொண்டு நின்றிருப்பான். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருக்க மாட்டான். நின்றாலும் நான் திரையைக் காட்டியிருக்கக் கூடாது. தோ, இந்தக் கோடு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டா கெளம்பிடலாண்ணா என்று விரல் வைத்துக் காட்டினேனே, அதைச் செய்யாமல் இருந்திருந்தால் கோடு மறுபடி முதலிலிருந்து ஓடியது அவனுக்குத் தெரிந்தே இருக்காது.

உரக்கடைக்குப் பக்கவாட்டில் மாடிக்குப் போகும் படிகளில் ஏறும்போது பூங்குழலி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக இதேதான். தான் சொன்ன ஒரு வாக்கியத்தை எடுப்பாள், மாற்றுவாள், மாற்றினால் அடி விழாமல் போயிருக்குமா என்று மனதில் ஓட்டிப் பார்ப்பாள். மென்பொருளில் பிழை தேடுகிறவளின் பழக்கம். எல்லாத் திருத்தமும் அவள் பேச்சில்தான் நடந்தது. அண்ணனின் கையில் ஒரு திருத்தமும் அவளுக்குத் தோன்றவில்லை. பாதிப் படியில் அது உறைத்து, நின்றாள். இடது புருவத்தில் தையல் போட்ட இடம் துடித்தது. மூச்சு விலா எலும்பில் இடித்துப் பாதியில் திரும்பியது. கீழே கடையிலிருந்து பூச்சிமருந்து வாடை ஏறி வந்தது.

மேலே ஐந்து மேசைகள். ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, அது ரங்கநாதன் சாருடையது. சென்னையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, செஞ்சியிலேயே இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். பெங்களூர் நிறுவனங்களின் மென்பொருள்களை வாங்கி ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புவதுதான் வேலை. இப்போதைய மென்பொருள் வேர்க்கடலை இலையின் புகைப்படத்தைப் பார்த்து என்ன நோய் என்று சொல்லக்கூடியது. அதை இந்த வாரமே ஓட்டிக் காட்ட வேண்டும்.

"இன்னாக்கா நீ, இதோட வந்துட்ட?" என்றான் பக்கத்து மேசை இனியன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே கீபோர்டைப் பார்த்தான்.

"ரூம்ல இருந்தா தலையப் பத்தியே நெனப்பா இருக்குது. இங்க வந்தா டிஸ்க்கப் பத்தி நெனைக்கலாம்."

"டிஸ்க்கும் தலையும் ஒரே கண்டிசன்லதான் இருக்குது. நேத்து நான் நாலு வாட்டி ஓட்டிப் பாத்துட்டன். அதே எரர்."

இடமில்லை. அதுதான் பிழை. சேமிக்க இடமில்லை என்று ஒரே ஒரு வரி.

அந்த மென்பொருள் கன்டெய்னர் இமேஜாக வந்தது. ஒரு மென்பொருளை, அது ஓடுவதற்கு வேண்டிய சட்டி சாமான் எல்லாவற்றோடும் சேர்த்து அழுத்திக் கட்டிய மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அடுக்கடுக்காக இறங்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நீளும். இறங்கி முடிந்தால் வேலை முடியாது. அழுத்திக் கட்டியதைப் பிரித்து வைக்க வேண்டும். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் வரும் வண்டி சுருட்டிக் கொடுக்கிற வைக்கோல் கட்டு மாதிரிதான். கட்டாக இருக்கும்போது மினி லாரியில் அடங்கும். கயிற்றை அறுத்தால் களம் முழுக்க வரும். இறக்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்கிறவர்கள் பிரிப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு அவளும் பார்க்கவில்லை.

பிரிக்கிற நேரத்தில் கோடு மறுபடியும் இடது ஓரத்திலிருந்து தொடங்கும்.

*

அன்று நெடுமாறன் வந்தது அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போக. நைனா செத்த பிறகு தொண்டூர் நிலம் அம்மா, அண்ணன், அவள் என்று மூவருக்கும் பாத்தியம். அண்ணன் அதில் கோழிப்பண்ணை போடப் போகிறான். வங்கியில் அவன் பெயரில் மட்டும் பத்திரம் கேட்கிறார்கள். தன் பங்கை விட்டுக்கொடுத்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். பொங்கலின்போதே அவள் சரி என்று சொல்லிவிட்டாள். தெருவில் எல்லாத் தங்கச்சிகளும் போட்ட கையெழுத்துதான். போடுகிற அன்றைக்கு அண்ணன் புடவை எடுத்துக் கொடுப்பான். நெடுமாறனும் எடுத்திருந்தான். காந்தி பஜார் ஜவுளிக்கடைப் பையோடு, கையில் ஹெல்மெட்டோடு, சிரித்துக்கொண்டுதான் மாடி ஏறி வந்தான்.

"கெளம்பு குழலி, டோக்கன் பதினொண்ணரைக்கு."

"பத்து நிமிசண்ணா. இத்த வுட்டுட்டுப் போனா மறுபடியும் மொதல்லேர்ந்து ஓட்டணும்."

அவன் பின்னால் நின்றான். அவள் கோட்டைக் காட்டினாள். கோடு வலது ஓரத்தைத் தொட்டது. அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். கோடு இடது ஓரத்துக்கு வந்தது.

"இன்னாடி, முடிஞ்சுதுன்ன?"

"எறங்குறது முடிஞ்சுதுண்ணா. இப்பப் பிரிக்குது."

பத்திரம் எழுதுகிறவர் போனில் கூப்பிட்டார். தோ வந்துட்டம், தோ வந்துட்டம் என்றான். கோடு முக்கால்வாசி வந்தது. இடமில்லை என்ற வரி விழுந்தது. அவள் யோசிக்கவில்லை. நாள் முழுக்கச் செய்கிற வேலை. விரல் தானாக மேல்நோக்கிய அம்பை அமுக்கியது, அதே கட்டளையை மறுபடி தட்டிவிட்டது. எல்லாக் கோடுகளும் அழிந்து முதலிலிருந்து ஓடத் தொடங்கின.

போன் மறுபடி அடித்தது. அவனுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஆள் இல்லையென்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"ஏன்டி, எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?" என்றான் நெடுமாறன். மெதுவாகத்தான் சொன்னான். "கோடு முடியறப்பல்லாம் நீயே திருப்பித் திருப்பி ஓட்டிக்கினு இருக்குற. கையெழுத்து போட மனசு இல்லன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நாடகம் காட்டுறியா?"

"இல்லண்ணா, எடம்…"

ஹெல்மெட்டின் விளிம்பு புருவ எலும்பில் இறங்கியது. முதலில் வலி இல்லை, ஒரு சத்தம் மட்டும். தேங்காய் உடைக்கும்போது சில்லு தெறிக்கிற சத்தம். அது தன் தலைக்குள் கேட்கிறது என்பது புரிவதற்குள் அடுத்தது காதில் விழுந்தது. பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு முகத்தை மேசை விளிம்பில் அறைந்தான். ஒரு முறை. அவள் கழுத்தை விறைத்ததால் இரண்டாம் முறை தாடையில் பட்டது. பல் நாக்கில் ஏறி வாய் முழுக்க உப்பு. நாற்காலியை உதைத்தான். கீழே விழுந்தவளின் விலாவில் செருப்புக் காலால் மிதித்தான். "எங்கிட்டயே ஆட்டம் காட்டுறியா? படிச்ச திமுரு. நைனா இருந்திருந்தா ஒன்ன வெட்டி ஏரியில போட்டிருப்பாரு." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மிதி. மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினான். பிறகு, விட்டுப்போனது ஏதோ நினைவு வந்தவன்போல், குனிந்து ஒரு அறை விட்டான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

இனியன்தான் ஓடி வந்தான். கையில் அகப்பட்ட துணியை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினான். அது பையிலிருந்து சரிந்து கிடந்த புதுப் புடவை. மாம்பழ நிறம். அது கறுத்துப்போவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அரசு மருத்துவமனையில் எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, படிக்கட்டு என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். நாக்கு வீங்கியிருந்ததால் சொல் வெளியே வருவதற்குள் பின்னால் நின்ற இனியன், "அவங்க அண்ணன் அடிச்சாரு" என்றுவிட்டான். அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. எஸ்.ஐ. வந்து எழுதிக்கொண்டார். "ஆபீஸ்ல கேமரா இருக்குதா? பதிவ எடுத்தாந்து குடும்மா. அது இல்லன்னா நீயே நாளைக்கு விழுந்துட்டன்னு சொல்லுவ. எத்தினி பேரப் பாத்திருக்கறன்."

இன்று மாலைக்குள் கொண்டுவந்து தரச் சொல்லியிருந்தார்.

*

இறக்குகிற மென்பொருள்களெல்லாம் ஓடும் செர்வர் அவள் மேசைக்கு அடியில் இருந்தது. பழைய டவர் பெட்டி, மேலே தூசுக்காகப் போட்ட துண்டு. அவள் உட்கார்ந்து, எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டாள். பதில் வந்தது. முதன்மைப் பகுதி நிரம்பிக் கிடந்தது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே இறங்கினாள். பாதியில் நின்றுபோன பழைய இமேஜ்களின் துண்டுகள் கொஞ்சம். அவற்றை நீக்கினாள். கொஞ்சம்தான் இளகியது. இன்னும் உள்ளே போனாள். மீதி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பொருள்.

கேமராப் பதிவுகள்.

கேமராவை வைத்தது குரங்குகளுக்காக. கோட்டையிலிருந்து இறங்கி வந்து, ஜன்னல் வழியாகப் புகுந்து டிபன் பாக்ஸையும் ஒருமுறை மவுஸையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. எந்த ஜன்னல் வழியாக வருகின்றன என்று பார்ப்பதற்கு ரங்கநாதன் சார் ஒரு கேமராவை மாட்டி, அதன் மென்பொருளையும் இதே செர்வரில் ஒரு கன்டெய்னராக ஓடவிட்டார். அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய் என்பது ஏற்பாடு. மின்விசிறி எப்போதும் அசைந்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாதக்கணக்காக அது விசிறியைப் பதிவு செய்து வைத்திருந்தது.

அன்றைக்கு இமேஜைப் பிரிக்க இடமில்லாமல் போனது இதனால். கோடு முக்கால்வாசியில் நின்றது இதனால். விசிறி சுற்றுகிற படத்துக்காகத் தன் புருவம் பிளந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள். இல்லை, விசிறியினால் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். காரணம் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிற புத்தியை இந்த இடத்தில் நம்பக் கூடாது.

ரங்கநாதன் சார் வெளியே வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அட, கேமராவா? அழிச்சிட்டுப் போம்மா. இன்னா இருக்கப் போவுது அதுல, கொரங்கும் ஃபேனும்."

"முந்தாநேத்து நடந்ததும் இருக்குது சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மறுபடி செருகினார்.

"அது குடும்ப விஷயம். நான் தலையிட மாட்டன். உன் இஷ்டம். ஆனா மதியத்துக்குள்ள இமேஜ் ஏறணும், பெங்களூர்ல உக்காந்துக்கினு இருக்காங்க." கொஞ்சம் குனிந்து குரலைத் தணித்தார். "ஒண்ணு சொல்றன், தப்பா நெனைக்காத. டிஸ்க் ஃபுல்லாச்சு, வேலைக்காக அழிச்சம்னு சொன்னா போலீஸ்காரங்ககூட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது பொய்யும் இல்லையே."

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அங்கேயே நின்றது. பொய் இல்லைதான். பயன்படாததை எல்லாம் நீக்கு என்று ஒரு கட்டளை உண்டு. கேமராவின் கன்டெய்னரை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டளைக்குப் பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்தால் பதிவுகளும் போய்விடும். இயந்திரமே இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. யாரும் அவளைக் கேட்க முடியாது. ஒளிந்திருக்கிற அண்ணன் தன் வீட்டுக்குத் திரும்பி வருவான். இரண்டு நாளாகச் சாப்பிடாத அம்மா சாப்பிடுவாள். பெங்களூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை இலை தெரியும். இவ்வளவும் ஒரு வரியில். தன் விரல் எவ்வளவு பழகியது என்பது அவளுக்குத் தெரியும். யோசிக்காமல் தட்டிவிடும்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. அண்ணனின் எண். குரல் செய்தி. மாமனார் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்று தெரியும். காதில் வைத்துக் கேட்டாள். முதலில் அழுகை மட்டும். அடித்த பிறகு அழுவது அவன் வழக்கம். சின்ன வயதில் வேர்க்கடலைக் கொல்லையில் மேய்ந்த ஆட்டை மண்வெட்டிக் காம்பால் அடித்தே கொன்றுவிட்டு, அதை மடியில் போட்டுக்கொண்டு மாலை வரை அழுதான். அவளை அடித்த நாட்களில் ராத்திரி பரோட்டா வாங்கி வருவான். "குழலி, எனக்குக் கை கால் ஓடலடி. ஒன் மேல கை வெச்சதுக்கு இந்தக் கையே அழுவிப் போவணும்." மூக்கை உறிஞ்சினான். பிறகு குரல் வறண்டு வேறு ஒருவனுடையதுபோல் ஆனது. "ஆனா அந்தப் படத்த ஸ்டேசன்ல குடுத்தன்னு வெச்சிக்க, நீ தங்கியிருக்குற ரூமாண்டயே வந்து ஒன்னக் கொளுத்திட்டு நானும் கொளுத்திக்குவன். சொல்லிட்டன்." ஒரு இடைவெளி. "சாப்டியா?"

அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த அக்கறை பொய் இல்லை. அவளைப் பயமுறுத்தியது அதுதான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன, இரண்டும் நிஜம்.

அவள் பதிவைத் திறந்தாள்.

இதுவரை பார்க்கவில்லை. கேமரா கூரை மூலையில் இருந்ததால் எல்லாருடைய உச்சந்தலையும் தெரிந்தது. சத்தம் கிடையாது. அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறான். தோளில் துணிப்பை. கழுத்தை நீட்டித் திரையைப் பார்க்கிறான், பஸ் வருகிறதா என்று பார்க்கிறவன்போல. அப்புறம் படம் தாவியது. அடுத்த படத்தில் ஹெல்மெட் ஏற்கெனவே மேலே இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. இமேஜ் பிரிந்து பிரிந்து இருந்த இடத்தை எல்லாம் நிரப்பிய அந்தச் சில நிமிஷம் கேமராவுக்கும் எழுத இடம் இருந்திருக்காது. இரண்டாம் ஓட்டத்திலும் பிழை வந்து, பாதி பிரித்தது கலைந்து, இடம் கிடைத்ததும் கேமரா மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறது. அதனால் அவள் அண்ணா என்று அவனை நிமிர்ந்து பார்த்தது இல்லை. அடிக்கும் முன் அவன் மெதுவாகக் கேட்டுக்கொண்டு நின்றது இல்லை. பார்க்கிற எவனுக்கும் அவள் கையெழுத்துப் போடத்தான் இருந்தாள் என்று தெரியாது. அவள் ஏதோ சொல்லி அவனைக் கிளப்பிவிட்டாள் என்று சொல்வதற்கு வசதியான இடைவெளி. சொல்லட்டும். அடி இருந்தது. முழுதாக இருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். மூன்றாம் முறைதான் தன் கைகளைக் கவனித்தாள். இரண்டாவது அடி விழும்போது அவள் கைகள் தலைக்குப் போகவில்லை. மடிக்கணினியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் கவிழ்ந்திருந்தன. அலுவலகச் சொத்து உடைந்துவிடக் கூடாது என்று அந்தக் கைகள் நினைத்திருக்கின்றன. அந்தப் பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒருத்தி, நன்றாக வளர்க்கப்பட்டவள்.

இன்னும் ஓரத்தைப் பார்த்தாள். இனியன் எழுந்து நிற்கிறான், உட்கார்கிறான், மறுபடி எழுகிறான். கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறக்கிறது. ஒரு முகம். கதவு மூடுகிறது. அதற்கப்புறம்தான் மிதி தொடங்கியது.

*

அவள் வேலையைத் தொடங்கினாள். அழிக்காமல் இடம் வேண்டும். இடப் பட்டியலை மறுபடி எடுத்து, நிரம்பிய வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் பார்த்தாள். இருந்தது. அந்தச் செர்வரை நிறுவியவர் கேட்ட கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிக்கொண்டு போயிருக்கிறார். டிஸ்க் இரண்டாகப் பிரிந்து, இயந்திரத்துக்குச் சின்னப் பங்கும், பயனாளர் கோப்புகளுக்கு மிகப் பெரிய பங்கும் போயிருந்தன. அந்தப் பெரிய பங்கில் யாரும் எதையும் வைத்ததில்லை. எல்லாக் கன்டெய்னர்களும் சின்னப் பங்கில் நெரிந்துகொண்டிருக்க, பெரிய பங்கு காலியாகக் கிடந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தினாள். கன்டெய்னர்களின் இருப்பிடம் முழுவதையும், பதிவுகளோடு சேர்த்து, பெரிய பங்குக்கு நகலெடுத்தாள். நகல் மூலத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தாள். இனிமேல் எதை இறக்கினாலும் இங்கேதான் பிரிக்க வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் புது முகவரியை எழுதி, சேவையை மறுபடி கிளப்பினாள். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. இமேஜை இறக்கச் சொன்னாள். கோடுகள் நீளத் தொடங்கின.

"அழிச்சிட்டியாம்மா?" என்று அறையிலிருந்து கேட்டார் ரங்கநாதன்.

"அழிக்கத் தேவையில்ல சார். வேற எடம் இருந்துச்சு."

அவர் வெளியே வந்தார். "அப்ப அது அப்பிடியே இருக்குதா?"

"இருக்குது சார்."

"அதுல…" என்று கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "கதவு தெரியுதா?"

"தெரியுது சார்."

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

பூங்குழலிக்கு மனம் லேசாகவில்லை. இவ்வளவு நேரம் அவளுக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது இடம் இருக்கிறது. இனி அழித்தால் அதை அழித்தது அவளாகத்தான் இருக்கும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலை இழுத்து வைக்கும் நடை. அம்மாதான். தொண்டூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அம்மாக்கண்ணு இதுவரை இந்த மாடிக்கு வந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இன்னாடி இது, இப்பிடி வீங்கியிருக்குது. எம் பொண்ண இப்பிடிப் பண்ணிட்டானே பாவி. அவன் கையில கட்டி மொளைக்க." தூக்குவாளியை மேசையில் வைத்தாள். "சோறு கரைச்சாந்தன். மெல்ல முடியாதில்ல?"

"இருக்கட்டும்மா. அப்புறம் குடிக்கிறன்."

இனியன் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான். அம்மா அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பஸ்ஸில் கூட்டம் என்பதைப் பற்றிப் பேசினாள். பிறகு குரல் இறங்கியது.

"பாப்பா, ஒங்கண்ணி மாசமா இருக்குறா. இவன் உள்ள போயிட்டான்னா அந்தப் பொண்ணு நெலம இன்னா? அந்தப் படத்த அழிச்சிடு. ஒரு பட்டன அமுக்கினா போயிடுமாமே, செல்லப்பன் மாமா சொன்னாரு. அழிச்சிட்டு, படியில விழுந்துட்டன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துடு."

பூங்குழலி தூக்குவாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"நெலத்துக்காகன்னா, நெலமே வேணாம்னுட்டான். கையெழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒன் பங்கு ஒனக்கே. வேணும்னா எம் பங்கையும் நீயே எடுத்துக்க. சாமி மேல சத்தியமா."

பொங்கலன்று அவள் சும்மா தந்துவிட்ட நிலம். அதைத் திருப்பிக் கொண்டுவந்து, கூட இன்னொரு பங்கையும் சேர்த்து வைக்கிறார்கள். அன்றைக்கு அவளிடம் இருந்ததிலேயே பெரியது நிலம்தான் என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு நெலம் வேணாம்மா."

"அப்ப வேற இன்னா வேணும்? அவன் அடிச்சான், தப்புதான். ஒலகத்துல எவளும் அடி வாங்கலியா? ஒங்க நைனா என்ன அடிக்காத அடியா? இந்தக் கால் ஏன் இழுக்குதுன்னு ஒனக்குத் தெரியாதா? அத எவன்டி படம் புடிச்சான்?"

"யாரும் புடிக்கலம்மா."

"புடிக்கல. அதான் குடும்பமா இருக்குறம்."

"அக்கா," என்றான் இனியன், தயங்கி. "பிரிச்சிடுச்சுக்கா. ஏறிடுச்சு."

"இன்னா பிரிச்சுது?" என்று அம்மா திரும்பினாள்.

"வேலைம்மா. அன்னிக்கி இதுக்குத்தான் பத்து நிமிசம் கேட்டன். நான் வர மாட்டன்னு சொல்லவே இல்ல. கையெழுத்து போடத்தான் இருந்தன்."

"அப்பப் போட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானடி, மூதேவி!"

அறை இடது பக்கத்தில் விழுந்தது. அம்மாவின் கை எங்கே விழுகிறது என்று அம்மாவே பார்க்கவில்லை. தையலின் ஓரம் விட்டு ஒரு சூடான இழை கண்ணிமையில் இறங்கியது. அவள் நாற்காலியிலிருந்து சாயவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள். இனியன் எழுந்தான், இந்த முறை உட்காராமல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். ரங்கநாதன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அம்மாக்கண்ணு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் ரத்தம் ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்தாள், மறுபடி பார்த்தாள், மறுபடி துடைத்தாள். அப்புறம்தான் இனியனின் கண் கூரை மூலைக்குப் போய் வந்ததைக் கவனித்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி.

"அதுவா?" என்றாள்.

"அதாம்மா."

"இப்பயும் புடிக்குதா?"

"புடிக்குதும்மா."

அம்மா சட்டென்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள், வெயிலில் நடக்கும்போது இழுத்துக்கொள்வதைப்போல. அந்த முக்காட்டுக்குள் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. மகள் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. நைனாவின் கை ஓங்கும்போதுகூட அம்மா முகத்தை மறைத்ததில்லை.

பூங்குழலி கைக்குட்டையை எடுத்துப் புருவத்தில் வைத்துக்கொண்டாள். மற்ற கையால் இழுப்பறையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செர்வரில் செருகினாள். முந்தாநாள் பதிவை அதற்கு நகலெடுக்கச் சொன்னாள். ஒரு எழுத்து தவறி, அழித்து மறுபடி தட்டினாள்.

"குழலி," என்றாள் அம்மா. மிகத் தாழ்ந்த குரல், அலுவலகத்தில் வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதைப்போல. "அவனுது இருக்கட்டும். நீ குடுக்கணும்னா கொண்டுபோய்க் குடு. நான் இனிமே கேக்க மாட்டன்." எழுந்து வந்து மகளின் தோளைத் தொட்டாள். "இப்ப நான் அடிச்சன் பாரு, அத்த மட்டும் அழிச்சிடுடி. நான் ஒங்கம்மா. நான் ஒன்ன அடிச்சவளா அதுல இருக்க வேணாம்."

அந்தக் கையின் கனம் தோளில் இருந்தது. காய்ச்சல் கண்ட நாட்களில் நெற்றியில் வைக்கிற கை. அதை எடுத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மூடிக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இல்லம்மா," என்றாள். "ரெண்டும் இருக்கட்டும்."